பக்கத்துக்கு ஒரு இஞ்ச்

(ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. மத்தியானம். பாய் மேல் பெட்ஷீட் குவிந்து கிடக்கிறது.)

சாந்தாமணி: ஏனுங்கண்ணா, ஆயிரம் த்ரெட் கவுண்ட் பெட்ஷீட் இருக்குதுங்களா?

பொன்னுசாமி: பார்க்கலாமுங்கக்கா. மெத்தை என்ன அளவுங்க?

சாந்தாமணி: பெரிய மெத்தைதானுங்க. நானு, அவரு, நடுவுல பையன். அவன் குறுக்கதான் படுப்பான்.

பொன்னுசாமி: அது ஆள் கணக்குங்க. எனக்கு இஞ்ச் கணக்கு வேணும். நீளம், அகலம், முக்கியமா உசரம்.

சாந்தாமணி: (போனில்) ஏனுங், மெத்தையை அளங்க... கட்டிலை இல்லீங், மெத்தையை! டேப்பு தையல் மிசின் டிராயர்ல... (திரும்பி) 72-க்கு 78. உசரம் 8-ஆமாங்க.

பொன்னுசாமி: அப்ப கிங் சைஸ். 108-க்கு 108 எடுத்துக்குங்க.

சாந்தாமணி: இந்த 90-க்கு 100 போதாதுங்களா? 72 அகலத்துக்கு 18 இஞ்ச் மிச்சமிருக்குதே!

பொன்னுசாமி: ரெண்டு பக்கமும் எட்டெட்டு கீழ எறங்கோணுமில்லீங்க? 72-ம் 16-ம் 88. மிச்சம் ரெண்டே இஞ்ச், பக்கத்துக்கு ஒண்ணு. அதைச் சொருகிட்டு நீங்க நிமிரறதுக்குள்ள வெளிய வந்துரும். பருத்தி வேற. ரெண்டு மூணு துவையல்ல நூத்துக்கு மூணு நாலு சுருங்கும். 90 போய் 87 ஆச்சுன்னா சொருகறதென்ன, மூடவே பத்தாது.

சாந்தாமணி: அப்ப எலாஸ்டிக் வெச்சதே குடுத்துருங்க. சொருகுற சோலியே வேண்டாம்.

பொன்னுசாமி: எடுக்கலாமுங்க. ஆனா நாலு மூலைக்கு மட்டும் எலாஸ்டிக் வெச்சது வேண்டாம், சுத்தியும் ஓடியிருக்கோணும். ஆழம் 10 இஞ்ச்: உசரத்துக்கு 8, அடியில மடிய 2. மெத்தைக்கு மேல வேற எதுவும் போடறதில்லீங்களே?

சாந்தாமணி: எங்கம்மா குடுத்த இலவம்பஞ்சு மெத்தை கிடக்குது. மூணு இஞ்ச் இருக்கும்.

பொன்னுசாமி: அதைச் சேர்த்தா அளந்தாரு?

சாந்தாமணி: அது இடைஞ்சலா இருக்குதுன்னு எடுத்துக் கீழ போட்டுட்டு அளந்தாருங்க.

பொன்னுசாமி: (டேப்பைச் சுருட்டிக்கொண்டே) அப்ப உசரம் 11. எலாஸ்டிக்குக்கு 13 ஆழம் வேணும், எங்கிட்ட இருக்கறது 10. இழுத்து மாட்டுனா ராத்திரி ஒரு மூலை எகிறி உங்க மூஞ்சிமேல வந்து விழும். சாதா ஷீட்டே எடுங்க. 108-ல அகலத்துக்குப் பக்கத்துக்கு ஏழு நிக்கும், நீளத்துக்கு நாலு. கால்மாட்டைத் தொங்க விட்டுட்டு தலைமாட்டுல நல்லா சொருகிருங்க.

சாந்தாமணி: ஆயிரம் கேட்டனே, அதை விட்டுட்டீங்களே?

பொன்னுசாமி: ஒரு சதுர இஞ்ச்சுல நீளவாக்குல ஓடற பாவு எத்தனை இழை, குறுக்க ஓடற ஊடை எத்தனை இழைன்னு கூட்டுறதுதானுங்க த்ரெட் கவுண்ட். ஒத்தை நூல்ல எவ்வளவு நெருக்கி நெய்தாலும் நானூறு ஐநூறுக்கு மேல ஏத்தறது கஷ்டம். அதனால ரெண்டு மூணு நூலைச் சேர்த்து முறுக்கி ஒரே இழையா நெய்யறாங்க. எண்ணறப்ப மட்டும் பிரிச்சு எண்ணிடறாங்க.

சாந்தாமணி: பஸ்ஸுல எத்தனை பேருன்னு கேட்டா காலை எண்ணிச் சொல்ற மாதிரியா?

பொன்னுசாமி: அதேதானுங்க! துணி கனக்கும், காயாது, வேர்க்கும். இதைத் தொடுங்க. 60-ஆம் நம்பர் ஒத்தை நூலு, சாதா நெசவு, 250-க்குப் பக்கம். நம்மூரு வெயிலுக்கு இதான் லாயக்கு. நூல் நம்பர் ஏற ஏற இழை மெலிசுங்க.

சாந்தாமணி: (பக்கத்தில் கிடந்த ஒரு ஷீட்டைத் தொட்டு) இந்தப் பளபளப்பு அதுல இல்லையே?

பொன்னுசாமி: அது சாட்டின் நெசவு. நாலு இழைக்கு மேல மிதந்து ஒரு இழைக்கு அடியில போகும், அதான் மினுமினுப்பு. மிதக்கற இழையில உங்க மெட்டி மாட்டுனா சர்ருன்னு ஒரு கோடு இழுத்துரும்.

சாந்தாமணி: மெட்டியாச்சும் பரவால்லைங்க. எங்க வூட்டுக்காரர் கால் நகத்தை நீங்க பார்த்ததில்லை. (வேறொன்றை எடுத்து) இது சல்லிசா இருக்குதே, பட்டாட்டம்?

பொன்னுசாமி: மைக்ரோஃபைபர். முழுக்க பாலியஸ்டர். (ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துகிறார்) பாருங்க, சுருண்டு குண்டுமணியாட்டம் கெட்டியாயிருச்சு. இது பருத்தி நூலு: காயிதம் எரிஞ்ச வாசம், ஊதுனா பறக்கற சாம்பல். வேர்வையை உறிஞ்சறது இதுதான்.

சாந்தாமணி: சாயம் போகுமுங்களா?

பொன்னுசாமி: ஈர வெள்ளைக் கைக்குட்டையால நாலு தேய் தேய்ங்க. ஒட்டலைன்னா எடுங்க.

சாந்தாமணி: உப்புத்தண்ணியில ஊற வெச்சா நிக்குமுன்னு மாமியார் சொல்லுவாங்க.

பொன்னுசாமி: சாயப்பட்டறையில உப்புப் போடறது துணியில சாயம் ஏறறதுக்குங்க. ஏறாம ஓடி வர்ற சாயத்தை வூட்டுல உப்புப் போட்டு நிறுத்த முடியாது. அந்த உப்பை ரசத்துல போடுங்க. மொதல் ரெண்டு தண்ணி மட்டும் பச்சைத் தண்ணியில தனியா அலசி நெழல்ல காயப்போடுங்க.

சாந்தாமணி: தலகாணி உறை?

பொன்னுசாமி: 17-க்கு 27 தலகாணிக்கு 18-க்கு 28 உறை. வாய்ப்பக்கம் உள்மடிப்பு ஆறு இஞ்ச் இருக்குதான்னு பாருங்க. இல்லைன்னா தலகாணி எட்டிப் பார்க்கும்.

சாந்தாமணி: சரிங்க, கட்டுங்க. 90 கேட்டவளை 108-க்கு ஏத்திட்டீங்க. விலையிலயாச்சும் நூத்துக்கு நாலு எறக்குங்க.

பொன்னுசாமி: துணிதானுங்க்கா சுருங்கும்.