‘செட் ஆகும்’ என்று சொல்லாதீர்கள், மில்லிமீட்டரைச் சொல்லுங்கள்

"தாராளமா செட் ஆகும் சார், நிறைய பேர் போட்டிருக்காங்க."

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. என் 1972 டாட்சன் 240 இசட்டுக்கு ஒரு செட் அலாய் வீல் தேடி எட்டு மாதம் ஆகிறது. 15 இன்ச் விட்டம், 7ஜே (அதாவது 7 இன்ச்) அகலம், வேறு எந்த ஆசையும் இல்லை. விற்கிறவர்கள் அத்தனை பேரிடமும் நான் கேட்பது இரண்டே விஷயம்: ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு) எவ்வளவு? ஸ்போக்குக்குப் பின்னால் எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது? எண்ணைக் கேட்டால் எண்ணைத் தவிர மற்றதெல்லாம் வருகிறது.

முதல் தடவை அந்த வார்த்தையை நம்பித்தான் வாங்கினேன். டயர் ஏற்றி, பேலன்ஸ் பார்த்து, முன் இடதுபக்கம் மாட்டி, நட்டுகளைக் கையாலேயே முடுக்கிவிட்டு வீலை மெதுவாகச் சுற்றினேன். கால் சுற்று வந்ததும் 'கிரீச்' என்று நின்றுவிட்டது. கழற்றித் திருப்பிப் பார்த்தால் ஸ்போக்கின் பின்பக்கம் பெயின்ட் உரிந்து, நகத்தால் கீறியது போல ஒரு வெள்ளிக் கோடு. வீலுக்குள்ளே பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரின் மூலையில் அதே பெயின்ட் துகள். இந்தக் காரின் பழைய சொந்தக்காரர் முன்பக்க கேலிப்பரை மாற்றி, டொயோட்டா பிக்கப்பின் நான்கு பிஸ்டன் கேலிப்பரைப் போட்டிருக்கிறார். 240 இசட் வைத்திருப்பவர்களில் பலர் செய்கிற மாற்றம்தான் இது. வாங்கும்போதே விற்றவரிடம் இதைத் தெளிவாகச் சொன்னேன். "15 இன்ச்னா எல்லாமே உள்ள போயிடும்" என்றார். திருப்பிக் கொடுக்கப் போனபோது, டயர் ஏற்றியாகிவிட்டது, கீறலும் விழுந்துவிட்டது, எடுக்க மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். கீறல் விழுந்தது யாருடைய வார்த்தையை நம்பி?

15 இன்ச் என்பது ரிம்மின் விட்டம். ஸ்போக் எந்த வளைவில் இறங்கி வருகிறது என்பதை அது சொல்லவே சொல்லாது. ஒரே விட்டம், ஒரே அகலம், ஒரே ஆஃப்செட் உள்ள இரண்டு டிசைன்களில் ஒன்று கேலிப்பரைத் தாண்டும், இன்னொன்று இடிக்கும். வீல் விற்கிற கடைக்கு இது தெரியாதா?

இவர்கள் 'செட் ஆகும்' என்று சொல்வதற்கு அடிப்படை என்ன என்று தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் பி.சி.டி., அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மட்டும்தான். நான்கு துளை, 114.3 மி.மீ. வட்டம், பொருந்துகிறது, முடிந்தது கதை. இந்த 4×114.3 எத்தனையோ கார்களில் உண்டு. பிரிட்டிஷ் கார் எம்.ஜி.பி.யிலும் உண்டு. துளை பொருந்தினால் வீல் ஹப்பில் (காரில் வீலை மாட்டுகிற நடுப்பாகம்) தொங்கும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஓடுமா என்பது வேறு கேள்வி.

அந்தத் துளை விஷயத்திலாவது ஒழுங்காக இருக்கிறார்களா? ஃபியட் 124 ஸ்பைடர் வைத்திருக்கும் நண்பருக்கு 4×100 வீலைக் காட்டி "ஒரு மில்லிமீட்டர்தானே, போல்ட் இழுத்துக்கொள்ளும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தக் காருடையது 4×98. வட்டத்தில் இரண்டு மி.மீ. வித்தியாசம் என்றால் ஒவ்வொரு போல்ட்டும் தன் இடத்திலிருந்து ஒரு மி.மீ. விலகி, கோணலாக உட்காருகிறது. முடுக்கும்போது இறுகியது போலத்தான் இருக்கும். ஆனால் போல்ட் தலையின் கூம்பு முழுவதும் பதியாமல் ஒரு ஓரம் மட்டும் அழுந்தியிருக்கும், ஓட ஓடத் தளர்ந்து வரும். வேகத்தில் போகும் காரில் வீல் கழன்றால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் வாய் கூசாமல் இதைச் சொல்கிறார்களா? வேறு கார்களின் 120 மி.மீ. வட்டத்துக்கும் 120.65 மி.மீ. வட்டத்துக்கும் நடுவிலும் இதே கண்ணாமூச்சிதான்.

சரி, ஆஃப்செட்டுக்கு வருகிறேன். எனக்கு அதிகமாக ரத்தம் கொதிப்பது இங்கேதான். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வெளிப்பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட், வீலின் பின்னால் இ.டி. என்று பொறித்திருப்பார்கள். இதை எவ்வளவு அக்கறையாகச் செய்ய முடியும் என்பதற்குப் பழைய போர்ஷே 911-இன் ஃபுக்ஸ் வீல்களே சாட்சி. 6ஜே வீலுக்கு இ.டி. 36. 7ஜேவுக்கு 23.3. 8ஜேவுக்கு 10.6. அந்த தசம எண்கள் எதற்கு என்று ஒருநாள் காகிதத்தில் கணக்குப் போட்டேன். பாதி அகலத்தோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் உள்பக்கம் எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். 76.2 கூட்டல் 36, 112.2. 88.9 கூட்டல் 23.3, 112.2. 101.6 கூட்டல் 10.6, அதுவும் 112.2! இந்த மூன்றிலும் வீல் எவ்வளவு அகலமானாலும் உள்விளிம்பு அதே இடத்தில் நிற்கிறது, கூடுகிற அகலம் முழுவதும் வெளிப்பக்கமே போகிறது. உள்ளே எதிலும் முட்டக் கூடாது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். இன்று என்னிடம் பேசுகிறவர்களுக்கு அந்த யோசனையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

240 இசட்டுக்கு என்று எனக்குக் காட்டிய இரண்டு வீல்களைப் பாருங்கள். இரண்டும் 15×7. ஒன்று இ.டி. 0, இன்னொன்று இ.டி. 25. முதலாவது உள்ளே 88.9 மி.மீ. போகும், இரண்டாவது 113.9. ஒரு இன்ச் வித்தியாசம்! என் காரில் இரண்டாவதை மாட்டினால் டயர் உள்ளே சஸ்பென்ஷனின் ஸ்ட்ரட் குழாயிலேயே போய் உரசும். இரண்டுக்கும் ஒரே சிபாரிசு, ஒரே "செட் ஆகும்". இன்னொருவரிடம் ஆஃப்செட் கேட்டேன், "நாலரை" என்றார். நாலரை என்ன? அவர் சொன்னது பேக்ஸ்பேசிங், ரிம்மின் உள்விளிம்பிலிருந்து ஹப் முகம் வரை இன்ச்சில் அளக்கிற அளவு. 7ஜே என்பது டயர் உட்காரும் இடத்துக்கு உள்ள அகலம். இரண்டு பக்க உதடுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 8 இன்ச் வரும், அதனால் நாலு இன்ச் பேக்ஸ்பேசிங் என்றால் ஆஃப்செட் கிட்டத்தட்ட பூஜ்யம். நாலரை என்றால் 12 அல்லது 13. இதை நானாகப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, விற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நட்டு விஷயமும் இதே லட்சணம்தான். டாட்சன் ஸ்டட் எம்12×1.25, அதாவது 12 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி. வீலோடு பெட்டியில் வந்தது 1.5 நட்டு. "ஜப்பான் கார் எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். இரண்டு மரை ஏறி நின்றுவிட்டது. நல்லவேளை, கையால் முடுக்கினேன். இம்பாக்ட் கன் வைத்து ஏற்றியிருந்தால் ஸ்டட் போயிருக்கும்.

அளவு கேட்டு விடாமல் நச்சரித்தால் ஃபோட்டோ அனுப்புகிறார்கள். நிறுத்தி வைத்த கார், நேராக வைத்த சக்கரம், அழகான வெயில். அதில் எனக்கு என்ன தெரியும்? ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் அமுங்கும்போது டயர் மட்கார்டு மடிப்பில் வெட்டுகிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் காரின் மட்கார்டு மடிப்பைத் தட்டி உள்ளே மடக்கியிருக்கிறார்களா, காரைத் தாழ்த்த காயில்ஓவர் சஸ்பென்ஷன் போட்டிருக்கிறார்களா என்று ஃபோட்டோ சொல்லாது. ஃபிட்மென்ட் பட்டியல்கள் அதைவிட மோசம். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடிய கார் நேற்று ஃபேக்டரியிலிருந்து இறங்கியது போல எழுதி வைத்திருக்கிறார்கள். என் காரில் இடது முன் மட்கார்டு வலதைவிட 6 மி.மீ. உள்ளே இருக்கிறது. எப்போதோ இடித்து, யாரோ தட்டி எடுத்திருக்கிறார்கள். எந்தப் பட்டியலில் அது வரும்?

என் பக்கத்து வேலையை நான் செய்துவிட்டேன். ஒரு ஞாயிறு முழுவதும் காருக்கு அடியில் கிடந்தேன். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் சஸ்பென்ஷனை பம்ப் ஸ்டாப் வரை ஏற்றி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பி, ஒவ்வொரு இடத்திலும் இடைவெளியை அளந்து எழுதியிருக்கிறேன். கேலிப்பரின் வடிவத்தை அட்டையில் வெட்டி வைத்திருக்கிறேன். என் கையில் இல்லாதது ஒன்றே ஒன்று, வீல். அது அவர்கள் கையில் இருக்கிறது. அதைக் குப்புறப் போட்டு, பின்விளிம்பின் மேல் ஒரு நேரான சட்டத்தை வைத்து, ஸ்கேலை இறக்கி அளக்க ஐந்து நிமிஷம் ஆகாது. செய்ய மாட்டேன் என்கிறார்கள். இடித்தால் என்ன செய்வது என்று கேட்டால் "ஸ்பேசர் போட்டுக்கோங்க" என்கிறார்கள். சும்மா சொருகுகிற 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் நட்டுக்குப் பிடிக்கிற மரை 5 மி.மீ. குறையும், பல ஹப்புகளில் வீலை நடுவில் நிறுத்துகிற விளிம்பும் மறைந்துவிடும். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

போன வாரம் தன் பழைய வீல்களைத் தானே விற்கிற ஒருவரிடம் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டு, அட்டையின் படத்தையும் அனுப்பினேன். அரைமணி நேரத்தில் மூன்று ஃபோட்டோ வந்தது. வீல் குப்புறக் கிடக்கிறது, மேலே சட்டம், பக்கத்தில் ஸ்கேல். என் அட்டையின் அளவுக்குத் தானும் ஒரு அட்டை வெட்டி உள்ளே வைத்துப் பார்த்திருக்கிறார். கீழே எழுதியிருந்தார்: "ஸ்போக்கில் 3 மி.மீ. இடிக்கும். உங்களுக்கு இது ஆகாது, வாங்காதீர்கள்."

எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் அளவு அது.