திருவண்டப்பகுதியை முழுதாகப் படியுங்கள்

திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் மாணிக்கவாசகர் பெருவெடிப்பை, அதாவது அண்டம் மிக அடர்ந்த, சூடான நிலையிலிருந்து விரியத் தொடங்கியதை, அன்றே பாடிவிட்டார் என்ற செய்தி மறுபடியும் கொடைக்கானல் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இந்த முறை இங்குள்ள ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியிலும் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். குறிஞ்சி ஆண்டவர் சன்னதியில் திருவாசகம் ஓதுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இதனால் திருவாசகத்துக்கு ஒரு பெருமையும் இல்லை.

பகிர்கிறவர்கள் எல்லோரும் "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன", அதாவது அண்டங்கள் நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்து கிடக்கின்றன என்ற அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த அடிகளையும் படியுங்கள். வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் தூசு மிதக்குமே, இறைவன் முன்னால் அந்த அண்டங்கள் எல்லாம் அத்தனை சிறியவை என்கிறார். ஓட்டு இடுக்கு வழியாகக் காலை வெயில் இறங்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். பாட்டு போய்ச் சேர்வது சிவனுடைய பெருமையில். அண்டம் அளக்க முடியாதது என்றுதான் அவர் தொடங்கவே செய்கிறார்.

அண்டம் விரிகிறது என்பதற்கு அமெரிக்க வானியலாளர் ஹபிள் 1929-இல் சான்று காட்டினார். அதுவரை எத்தனை தலைமுறை ஓதுவார்கள் இதைப் பாடியிருப்பார்கள்! பாட்டை வைத்து யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. 1950-களில், அண்டத்துக்குத் தொடக்கமே கிடையாது என்ற கொள்கையும் பெருவெடிப்போடு சரிக்குச் சரியாக நின்றது. பெருவெடிப்பின் மிச்சமாக வானின் எல்லாத் திசையிலிருந்தும் வரும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு பற்றிய செய்தி 1965-இல் வெளிவந்த பிறகே அந்தத் தொடக்கமில்லாக் கொள்கை சரிந்தது. ஒருவேளை அது வென்றிருந்தால், ஆதியில்லாதவன் என்று ஈசனைப் பாடும் பாட்டை எடுத்து ஒட்டியிருப்போம். எது வென்றாலும் பொருந்திவிடும் என்றால் அதற்குப் பெயர் சான்றா?

நம் மலையிலேயே 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1909 ஜனவரியில் ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட் அங்கே சூரியனின் கரும்புள்ளிகளிலிருந்து வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையைப் படம் பிடித்தார். வாயுக்கள் புள்ளியைச் சுற்றிச் சுழல்கின்றன என்பதற்கு அடையாளம் கிடைக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. நிறமாலையில் தெரியும் கோடுகள் நகர்ந்திருந்த விதமோ, வாயுக்கள் புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்கின்றன என்று காட்டியது. கண்டதை அப்படியே வெளியிட்டார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். தன் எதிர்பார்ப்பு பொய்த்ததை ஏற்கும் அந்த நேர்மையை மனப்பாடச் செய்யுளிலிருந்து பிள்ளைகள் கற்க முடியாது. அதேபோல, அண்டத்தைத் தூசாகக் காணும் அந்தப் பரவசத்தை எந்தத் தொலைநோக்கியும் தராது. எனக்கு இரண்டும் வேண்டும்.

ஆசிரியர்களே, அந்த அட்டையை எடுத்துவிடுங்கள். திருவண்டப்பகுதியைத் தமிழ் வகுப்பில் நிதானமாக நடத்துங்கள். பனி விலகிய ஒரு நாளில் பிள்ளைகளை ஆய்வகத்துக்கு அழைத்துப்போய், எவர்ஷெட் எதை எதிர்பார்த்தார், எதைக் கண்டார் என்று சொல்லிக்கொடுங்கள்.