வோல்டர் கோன் வசதியான வீட்டு இரசாயனக்காரர் அல்ல

தம்பி, “வோல்டர் கோன் இரசாயனவியலாளர், கணினி நிரல் எழுதி நோபல் வாங்கினவர், வாழ்க்கை முழுக்க வசதி, வன்னிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை எதற்கு” என்று எழுதியிருக்கிறீர்கள். 1998 இல் இரசாயனவியல் நோபல் கிடைத்தது சரி, ஆனால் ஆள் பௌதிகவியலாளர். நிரல் பக்கம், கூடப் பரிசு வாங்கிய ஜோன் போப்பிளின் வேலை. கோன் 1964, 65 இல் ஹோஹன்பர்க், ஷாம் ஆகியோருடன் சேர்ந்து தந்தது கோட்பாடு: ஒவ்வொரு இலத்திரனாகத் துரத்த வேண்டாம், அவற்றின் அடர்த்தியை வைத்தே கணக்குப் போடலாம். இன்று பம்பைமடுவில், வவுனியாப் பல்கலைக்கழகத்தில், ஒரு மாணவி மடிக்கணினியில் சிலிக்கனை ஆராய்ந்தாலும் பெரும்பாலும் அடியில் இருப்பது அதுதான்.

வசதியா? யூதரான இவர் 1939 இல் 16 வயதில் பெற்றோரை வியன்னாவில் விட்டுவிட்டு நாஜிகளிடமிருந்து இங்கிலாந்துக்குத் தப்பியவர்; அவர்கள் பிறகு அவுஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலை முகாமில் கொல்லப்பட்டார்கள். பிரித்தானியா இவரையும் எதிரி நாட்டவர் என்று பிடித்து, கடைசியில் கனடா முகாமில் போட்டது. அங்கே நாளுக்கு 20 சதத்துக்கு மரம் வெட்டி, அந்தக் காசில் கணிதப் புத்தகம் வாங்கினார். போர் முடிந்தபோது செட்டிகுளம் அகதி முகாமில் கூடாரத்தில் படித்தவர்களுக்கு இது தூரத்துக் கதையா என்ன? டொராண்டோ பல்கலைக்கழகத்தில், எதிரி நாட்டவர் என்று, இரசாயனக் கட்டடத்துக்குள்ளேயே அவரை விடவில்லை, அதையும் பாருங்கள். அப்புறம் கார்னகி, சான் டியேகோ, சாண்டா பார்பரா என்று பல்கலைக்கழகங்களில் படிப்பித்தார்.