சட்டைப்பையில் கிடந்த மூன்று பொட்டலங்கள்

சென்ற மாதம் ஒரு மாலை, பக்கத்து வீட்டுத் தங்கை வந்து, கைக்குட்டையில் முடிந்திருந்ததை என் திண்ணையில் அவிழ்த்துக் காட்டினாள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்ளும் சிறிய புகையிலைப் பொட்டலங்கள், மூன்று. பத்தாம் வகுப்பு படிக்கும் மகனின் பள்ளிச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது கிடைத்தனவாம். "அண்ணா, இதை அவன் அப்பாவிடம் சொல்லவா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

சொல்லிவிட்டாள். குவைத்திலிருந்து வீடியோ அழைப்பில் அரை மணி நேரம் வசவு. பையன் தலையைக் குனிந்து செல்பேசியைப் பிடித்துக்கொண்டே நின்றான். அடுத்த வாரம் பள்ளிக்கும் விஷயம் தெரிந்து டி.சி. கொடுத்துவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் கெட்டுவிடக் கூடாதாம். வகுப்பில் இருக்கும்போதே வழி தவறிய பையனைப் பகல் முழுவதும் தெருவில் நிறுத்தினால் திருந்திவிடுவான் என்று கணக்குப் போட்ட மூளையை என்னவென்று சொல்வது?

அவனுடைய மாலையை எண்ணிப் பார்த்தேன். நாலரைக்கு வீட்டுக்கு வருகிறான். அம்மா முந்திரி ஆலையிலிருந்து திரும்ப ஆறரை ஆகிவிடும். பாட்டிக்குக் காது கேட்காது. நாங்கள் பந்து விளையாடிய வெட்டவெளியில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. பழைய வாசகசாலை பூட்டிக் கிடக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் அவனை "வாடா மக்கா" என்று கூப்பிட்டது, முக்கில் நிற்கும் மூத்த பையன்கள் மட்டும்தான். பொட்டலத்தை நீட்டியவர்களும் அவர்கள்தான்.

தமிழ்நாட்டில் குட்காவுக்கும் மெல்லும் புகையிலைக்கும் 2013-இல் தடை வந்தது. தடை வேண்டும், விற்பவனைப் பிடிக்கவும் வேண்டும். ஆனால் மாலை நாலரை மணிக்குத் தடை என்ன செய்யும்?

1971-இல் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பியதும் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். ஓராண்டுக்குள் மீண்டும் அதில் விழுந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் என்று அமெரிக்கச் சமூகவியல் ஆய்வாளர் லீ ராபின்ஸ் நடத்திய ஆய்வு சொன்னது. போதைப்பொருள் அதேதான், மாறியது இடமும் சுற்றி இருந்த ஆட்களும். ஐஸ்லாந்தில் 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், முந்தைய மாதத்தில் குடித்துப் போதை ஏறியதாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 சதவீதம். விளையாட்டுக்கும் இசைக்கும் மன்றங்கள், அவற்றில் சேரப் பிள்ளைக்குப் பணஉதவி, இரவில் வெளியே சுற்ற நேரக் கட்டுப்பாடு, பெற்றோர் பிள்ளையோடு கூடுதல் நேரம் இருக்கப் பள்ளிகளில் ஒப்பந்தம் என்று பல வருடம் சலிக்காமல் செய்தார்கள். குளிர் தேசம், பணக்கார தேசம், சரிதான். நம்மிடம் பந்துக்குமா பஞ்சம்? நம் குமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கடற்கரையில் மணலில் பந்து உதைத்தே வளர்ந்தவர்கள் எத்தனை பேர்!

இன்னொன்று, சொன்னால் சொந்தக்காரர்கள் கோபிப்பார்கள். நம் வீட்டுக் கல்யாணங்களில் மண்டபத்துக்குப் பின்னால் நிற்கும் காருக்குச் சோடாவும் ஐஸும் எடுத்துப்போவது யார்? இதே பதினைந்து வயதுப் பையன்கள்தான். நானும் ஒரு காலத்தில் எடுத்துப்போனவன், பின்னர் எடுத்துவரச் சொன்னவன். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் முதல் மாவட்டம் என்று மார்தட்டும் நமக்கு இது மட்டும் எழுதப்படிக்கத் தெரிவதில்லை.

பிள்ளையின் பையில் ஏதாவது கிடைத்தால், அடிப்பதற்கு முன் 14446-ஐ அழையுங்கள், போதை மீட்புக்கான தேசிய உதவி எண். கஞ்சா என்றால் போலீஸ் வருமோ என்று மூடிமறைக்கிறவர்களுக்கு: சிறிதளவு பொருளோடு சிக்கினாலும், அடிமையானவர் தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்க, 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ பிரிவு இருக்கிறது.

பையனுக்கு வேறு பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. நேற்று, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் சும்மா போட்டிருக்கும் என் அரை ஏக்கரில் அவனும் இன்னும் ஏழு பேரும் களை பிடுங்கினார்கள். கம்பத்துக்கு மூங்கில் தயார். பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.