சன்ஷேடில் கம்பி மேலேயா, கீழேயா?

வேலூரைச் சுற்றியுள்ள கல்லூரி ஒன்றில் சிவில் மாணவர்களுக்குக் கான்கிரீட் டிசைன் எடுக்கிறேன். போன செமஸ்டரில் ஒரு நாள் போர்டைத் தொடாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் சன்ஷேடில் முக்கியக் கம்பி மேற்புறம் வரணுமா, அடிப்புறமா? யாரோடும் பேசாமல் நோட்டில் விடையை எழுதிவிட்டுக் கை தூக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் அடிப்புறம் என்றார்கள். இரண்டு பக்கமும் தாங்கி நிற்கும் பீமுக்குக் கீழேதானே போடுகிறோம், அந்த நினைப்பு.

சரி, பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போடுங்கள் என்று விட்டுவிட்டேன். குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வரும் பையன் ஒருவன், அப்பா கம்பி கட்டுபவர். "எங்கப்பா மேலதான் சார் கட்டுவாரு" என்றான். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த பெஞ்சுப் பெண் ரப்பரின் மேல்பக்கம் பிளேடால் ஒரு கீறல் போட்டு, மேசை விளிம்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு நுனியை அழுத்தினாள். கீறல் வாயைப் பிளந்தது. கான்கிரீட் இழுவிசையைத் தாங்காது; இழுபடும் பக்கம்தான் கம்பி, சன்ஷேடில் அது மேற்புறம். மறுபடி கை தூக்கச் சொன்னால் ஐந்தாறு பேர்தான் பழைய விடையிலேயே நின்றார்கள். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மேல் கம்பியை மிதித்துக் கீழே இறக்கிவிடுவதையும் அந்தப் பையன்தான் சொன்னான். அது நான் தயாரித்த நோட்ஸில் இல்லை.

இப்படிக் கேள்வி கேட்டுச் சண்டை போடவிட்டுப் பாடம் நடத்துவது என் சரக்கு இல்லை. ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து இயற்பியல் வகுப்பில் செய்துவருவது. 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். லெக்சர் மட்டும் கேட்டவர்களில் சுமார் 34 சதவீதம் பேர் ஃபெயில். மாணவர்களை வேலை வாங்கிய வகுப்புகளில் 22.

ஆனால் செமஸ்டர் முடிவில் எனக்கு வந்த ஃபீட்பேக்: "சார் பாடமே நடத்துவதில்லை."

கோபம் வந்தது, மறைக்கவில்லை. அப்புறம்தான் 2019-இல் வந்த இன்னொரு ஹார்வர்டு ஆய்வைப் படித்தேன். தாங்களே போட்டுப் பார்த்துக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். நன்றாகப் பேசும் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்தால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். ஹாஸ்டலில் கணக்கைத் திறக்கும்போது தெரியும் சேதி.

கல்லூரியின் தரத்தைப் பரிசோதிக்கும் குழு வரும் வாரம் மேசைகளை வட்டமாகப் போட்டு ஃபோட்டோ எடுத்து 'ஆக்டிவ் லேர்னிங்' என்று ஃபைலில் வைப்பார்கள். அதே நிர்வாகம்தான் ஃபீட்பேக் மார்க் குறைந்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்டது. ஐந்து யூனிட்டை முடிக்கணுமே என்று சக ஆசிரியர்கள் கேட்பது மட்டும் நியாயமான கேள்வி. நானும் சில டெரிவேஷன்களை வீட்டில் படித்துவரச் சொல்லித்தான் சமாளிக்கிறேன், பாதிப்பேர் படிப்பதில்லை.

இந்த முறை முதல் நாளே அந்த 2019 ஆய்வைப் பற்றிச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமைக்குக் கேள்வியும் தயார். கோட்டை அகழியில் பத்தடி ஆழத்துக்குத் தண்ணீர். உங்கள் வீட்டுச் சம்ப்பிலும் அதே பத்தடி. ஓரடி அகலச் சுவரை எந்தத் தண்ணீர் அதிகமாகத் தள்ளும்? வீட்டில் யாரோடாவது சண்டை போட்டுவிட்டு விடை சொல்லுங்கள்.