ரோமியோவும் தரையில் விழுந்து அழவேண்டும்

ஞாயிற்றுக்கிழமை மேடையேறிய ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் ரோமியோ தரையில் விழுந்து அழும் இடத்தை வெட்டியது தவறு என்று நான் எழுதிய இரண்டு வரிக்கு வந்த பதில்களைப் பார்த்திருப்பீர்கள். மேடைக்கு விளக்குப் போடுகிற எனக்கு நாடகப் பிரதியில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால், கதாநாயகன் தரையில் கிடந்து அழுதால் மரியாதை போய்விடும் என்பதால்தான் அந்த இடத்தை எடுத்துவிட்டதாகக் குழுவினரே சொன்ன பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில், ரோமியோ நாடு கடத்தப்பட்டான் என்று கேட்டு ஜூலியட் உடைந்துபோகிறாள். அடுத்த காட்சியில் துறவி லாரன்ஸின் அறையில் அவனும் ‘நாடு கடத்தல்’ என்ற அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தரையில் விழுகிறான். அங்கே வரும், ஜூலியட்டை வளர்த்த செவிலி, தங்கள் வீட்டுப் பெண்ணும் இதே கோலத்தில்தான் கிடக்கிறாள் என்கிறாள். இருவரையும் அந்த நிலையில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அதே அறையில் அவன் தன்னையே குத்திக்கொள்ளக் கத்தியை எடுக்கிறான். நான்காம் அங்கத்தில் அதே துறவியின் முன் அவளும் கத்தியை எடுக்கிறாள். இருவரும் ஒரே மாதிரியானவர்கள் என்பதை உடல் கிடக்கும் விதத்திலும் கை போகும் இடத்திலும் ஷேக்ஸ்பியர் காட்டியிருக்கிறார். அவன் அழுவதை வெட்டினால் அவள் அழுகை தனியாக நின்றுவிடும்.

கல்லூரி நாட்களில் இதே நாடகத்துக்கு நான் ஒளி அமைத்தேன். ஜூலியட் விழுந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவைத்தோம். ரோமியோவாக நடித்தவன் அவளுடைய ஒத்திகைகளுக்கெல்லாம் வந்து, எந்தக் கை அடியில் கிடக்கிறது, முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துப் பழகினான். அவன் அதே குறியில் விழுந்தபோது, அவளுக்குப் போட்ட விளக்கைக் கொஞ்சமும் மாற்றாமல் போட்டேன். செவிலி பேசுவதற்கு முன்பே அரங்கம் புரிந்துகொண்டது. விளக்குப் போடுகிறவன் என்பதால்தான் எனக்கு இது தெரியும்.

குழுவினரே, நேரம் போதவில்லை என்றால் வேறு எதையாவது சுருக்கியிருக்கலாம். ஜூலியட் நிதானமானவள், அவன் அவசரக்காரன், இருவரும் எப்படி ஒன்றாவார்கள் என்று கேட்கிறீர்கள். பேச்சில் அவளே தெளிவானவள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் முதல் சந்திப்பிலேயே பதினான்கு அடிச் செய்யுள் ஒன்றை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தவர், அவர்களை வேறுவேறாகக் காட்டவா அப்படிச் செய்தார்?

ஆண்பிள்ளை அழலாமா என்ற கேள்வியும் புதிதன்று. நீ ஆண்தானா, இது பெண்ணின் கண்ணீர் அல்லவா என்று அந்த அறையிலேயே துறவி அவனைத் திட்டுகிறார். நாடகம் அவரைத் திட்டவிட்டது, ஆனால் அவன் அழுகையை மறைக்கவில்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் ஜூலியட்டாக நடித்தவனும் ஒரு பையன்தான். பத்தொன்பது வயதில் மேடையில் அழுததற்காக, அன்று ரோமியோவாக நடித்த என் நண்பனை விடுதியில் மாதக்கணக்கில் கேலி செய்தார்கள். அதற்குப் பிறகு அவன் மேடைப் பக்கமே வரவில்லை. மரியாதை போய்விடும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஞாயிறன்று கல்லறைக் காட்சியில் இருவரையும் அழகாக அருகருகே கிடத்தியிருந்தீர்கள். அவளை எனக்கு அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் கிடந்தவனைத் தெரியவில்லை.