ஈவ் ஆன்லைன்: புதியவரிடம் எதையும் சொல்லாத விண்வெளி

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி இணைய விளையாட்டில் புதிதாக நுழைந்த ஒருவர் 'ஒன்றும் புரியவில்லை' என்று வாய் திறந்தால் போதும், 'இது கஷ்டமான கேம், எல்லோருக்கும் ஒத்துவராது' என்ற பதில் உடனே வந்து விழுகிறது. இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், இப்போதெல்லாம் அது காதில் விழுந்தாலே எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. கஷ்டத்தைப் பற்றி யார் புகார் சொன்னார்கள்? கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்ளலாம் என்றுதானே வருகிறார்கள்! தோற்றால் எதனால் தோற்றோம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறார்கள். அந்த ஒன்றை மட்டும் இந்த விளையாட்டு அவர்களுக்குத் தர மறுக்கிறது. மறுப்பதையே ஒரு பெருமையாகவும் பேசிக்கொள்கிறோம்.

வருகிறவர்கள் ஏன் வருகிறார்கள் என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். 2003 மே மாதம் ஐஸ்லாந்தில் பிறந்த இந்த விளையாட்டில், சீனாவுக்கான தனி சர்வரைத் தவிர, உலகம் முழுவதிலிருந்தும் வருபவர்கள் ஒரே சர்வரில், 7,000-க்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள் கொண்ட ஒரே அண்டத்தில் உலவுகிறார்கள். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் ஏறத்தாழ 21 மணி நேரம் நடந்த போரில், டைட்டன் எனப்படும் மாபெரும் கலங்கள் 75 அழிந்தன. அந்த இழப்பின் மதிப்பு மூன்று லட்சம் டாலர் இருக்கும் என்று கணக்கிட்டு உலகப் பத்திரிகைகள் எழுதின. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, 'நானும் அதில் ஒரு சிறு கலத்தையாவது ஓட்ட வேண்டும்' என்ற ஆசையோடு வருகிறவரை நாம் எப்படி வரவேற்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

திரையிலேயே தொடங்கிவிடுகிறது தொல்லை. வலப்பக்கம் ஓவர்வியூ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சுற்றியுள்ள கலங்கள், கோள்கள், மண்டலம் விட்டு மண்டலம் தாவும் வாயில்களான ஸ்டார்கேட்டுகள், அழிந்த கலங்களின் சிதைவுகள் எல்லாம் அதில்தான் வரிசையாக வரும். விண்வெளியின் அழகை ரசித்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் பார்க்காமல் இருப்பவர் அதிக நேரம் உயிரோடு இருப்பதில்லை. இவ்வளவு முக்கியமான பட்டியலில் எது தெரியும், எது தெரியாது என்பதை உள்ளே எங்கோ புதைந்து கிடக்கும் நீண்ட டிக் பெட்டிகளின் வரிசை தீர்மானிக்கிறது. டிக் இல்லாத வகைக் கலம் பக்கத்திலேயே வந்து நின்றாலும் பட்டியலில் வராது. அனுபவசாலிகள் புதியவருக்குச் சொல்லும் முதல் அறிவுரையே, 'விளையாட்டு கொடுத்த ஓவர்வியூவைத் தூக்கி எறிந்துவிட்டு, வேறொருவர் செய்துவைத்த அமைப்பை இறக்கிக்கொள்' என்பதுதான். இருபது ஆண்டுகளைக் கடந்த ஒரு விளையாட்டின் மிக அடிப்படையான சாளரத்துக்கு, யாரோ ஒரு பிளேயர் தன் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து செய்த கோப்பு தேவைப்படுகிறது என்றால், அதை வெட்கக்கேடு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

சண்டைக்கு வருவோம். புதியவர் கேட்டலிஸ்ட் என்ற சிறு போர்க்கலத்தில் ரயில்கன் எனப்படும் நீண்ட தூரத் துப்பாக்கிகளைப் பொருத்திக்கொண்டு ஒரு கடற்கொள்ளைக் கலத்தை நெருங்குகிறார். மெனுவில் 'ஆர்பிட் 500 மீட்டர்' என்று இருக்கிறது, அழுத்துகிறார். கலம் வட்டமடிக்கிறது, துப்பாக்கிகள் ஒளிர்கின்றன, ஆனால் எதிரியின் கவசம் குறைவதே இல்லை. குண்டு முழுவதுமாகத் தவறியது என்ற செய்தி மட்டும் மீண்டும் மீண்டும் ஓடுகிறது. ஏன் தவறியது என்று எங்கும் ஒரு வரி கிடையாது. நீண்ட தூரத் துப்பாக்கி மெதுவாகத்தான் திரும்பும், மிக அருகில் வேகமாகச் சுற்றினால் அதனால் இலக்கைத் தொடர முடியாது என்பதுதான் காரணம். இதை அறிய இலக்கின் கோண வேகம் தெரிய வேண்டும். அந்த நெடுவரிசையை ஓவர்வியூ அமைப்புக்குள் போய் நாமே தேடி இயக்க வேண்டும். சரி, தேடி இயக்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதில் தெரியும் எண் ரேடியன் கணக்கில் வருகிறது. துப்பாக்கியின் விவரத்தில் தெரியும், இலக்கைத் தொடரும் திறனைச் சொல்லும் டிராக்கிங் எண் வேறொரு அளவில் இருக்கிறது. இலக்கு எவ்வளவு பெரிதாகத் தென்படுகிறது என்று காட்டும் சிக்னேச்சர் அளவையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். அந்தச் சூத்திரமோ பிளேயர்கள் எழுதிவைத்த விக்கியில் இருக்கிறது. ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாத இரண்டு எண்களைக் கண்முன் நிறுத்திவிட்டு, 'யோசித்து ஆடு' என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

இதோடு முடிவதில்லை. மின்காந்தம், வெப்பம், இயக்கம், வெடிப்பு என்று நான்கு வகைத் தாக்குதல்கள் உள்ளன. விளையாட்டே இயக்கும் கொள்ளையர்களில் குரிஸ்டாஸ் கும்பலுக்கு ஒன்று, ஏஞ்சல் கும்பலுக்கு இன்னொன்று, சான்ஷாவுக்கு வேறொன்று என்று எடுத்துச்செல்ல வேண்டும். கலத்தின் வெளிக்காப்பான ஷீல்டுக்கும் அதற்கு உள்ளே இருக்கும் ஆர்மருக்கும் பாதிப் பாதிப் பாகங்களைப் பொருத்தினால் இரண்டுமே உருப்படாது என்பதையும் கலம் ஒன்று வெடித்த பிறகு வேறு யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் விட என்னைக் கொதிக்க வைப்பது திறன் பயிற்சி. இங்கே திறன்கள் விளையாடி வளர்வதில்லை. கடிகாரம் ஓட ஓடத் தாமாக வளர்கின்றன. ஆரம்ப நிலைகள் நிமிடங்களில், மணிகளில் முடிந்துவிடும். ஐந்தாம் நிலை வந்ததும் நாள்கணக்கில் நீள்கிறது. பேட்டில்ஷிப் போன்ற பெரிய கலத்துக்கான திறனை நான்கிலிருந்து ஐந்துக்கு உயர்த்த, சந்தா கட்டியவருக்கே ஏறத்தாழ ஒரு மாதம் போகும். 2016 நவம்பரில் வந்த ஆல்ஃபா என்ற இலவச முறையில் சேர்ந்தவருக்குப் பயிற்சி வேகம் பாதிதான். அதுவும் 50 லட்சம் திறன் புள்ளிகளோடு நின்றுவிடும். பொறுமையாக இருக்கலாம், காலம்தான் எல்லோருக்கும் பொதுவாயிற்றே என்று ஒரு காலத்தில் சொல்ல முடிந்தது. 2016 பிப்ரவரியில் ஸ்கில் இன்ஜெக்டர் வந்ததோடு அந்த நியாயமும் போய்விட்டது. பழையவர் ஒருவரின் திறன் புள்ளிகளைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைத்து விற்கலாம். 50 லட்சம் புள்ளிகளுக்குக் கீழே இருப்பவர் ஒரு பெரிய குப்பியை வாங்கினால் 5 லட்சம் புள்ளிகள் முழுதாக ஏறிவிடும். விளையாட்டுக்குள் புழங்கும் ஐஎஸ்கே பணம் இருந்தால் அதைக் கொடுத்து வாங்கலாம். இல்லையென்றால் உண்மைப் பணத்தில் பிளெக்ஸ் என்ற பொருளை வாங்கி, அதை விளையாட்டுக்குள் விற்று ஐஎஸ்கே ஆக்கி வாங்கலாம். புதியவரிடம் ஐஎஸ்கே எங்கே இருக்கப்போகிறது? ஆக, அவருக்கு மிஞ்சுவது காத்திருப்பது அல்லது கடன் அட்டையை எடுப்பது. காத்திருப்பில்தான் மதிப்பு இருக்கிறது என்று இன்னமும் வாதாடும் பழையவர்களைப் பார்த்துக் கேட்கிறேன்: காசுக்குக் கிடைக்கும் ஒன்றில் பொறுமைக்கு என்ன மதிப்பு இருக்கிறது? 2022 மே மாதத்தில் மாதச் சந்தாவை 14.99 டாலரிலிருந்து 19.99 டாலராக உயர்த்தினார்கள். கடிகாரம் மட்டும் அப்போதும் அதே வேகத்தில்தான் ஓடியது.

அடுத்தது ஹை-செக் எனப்படும் உயர் பாதுகாப்புப் பகுதி. பாதுகாப்பு அளவு 0.5 முதல் 1.0 வரையுள்ள மண்டலங்களில் கான்கார்ட் என்ற காவல்படை உண்டு என்று புதியவருக்குச் சொல்லப்படுகிறது. கான்கார்ட் தாக்குதலைத் தடுக்காது, தாக்கியவரைப் பிறகு தண்டிக்கும் என்பதைத்தான் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. 0.5 மண்டலத்தில் அது வந்துசேர ஏறத்தாழ 20 வினாடி ஆகும். அந்த இடைவெளியைத் தொழிலாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மலிவான கேட்டலிஸ்ட் கலங்களில் கூட்டமாக வந்து ஒரு சரக்குக் கலத்தைச் சுடுவார்கள். தங்கள் கலங்கள் அழியும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டேதான் வருகிறார்கள். சரக்கில் பாதியளவு சிதைவில் தப்பிக் கிடக்கும். ஓரமாக நிற்கும் கூட்டாளி அதை அள்ளிக்கொண்டு போவார். உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே ஸ்கேன் செய்து பார்ப்பது குற்றமே அல்ல. உவேடாமா என்ற மண்டலம் இந்தத் தொழிலுக்கே பெயர்போனது. இவையெல்லாம் விளையாட்டின் விதிகளுக்கு உட்பட்டவை. அதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆபத்து இல்லாத ஈவ் எனக்கும் வேண்டாம். ஆனால் திரையிலேயே ஆட்டோபைலட் என்று ஒரு பொத்தானை வைத்து, அதை நம்பி அழுத்தியவரை ஒவ்வொரு ஸ்டார்கேட்டிலிருந்தும் பல கிலோமீட்டர் தள்ளி இறக்கி, அங்கிருந்து நத்தை வேகத்தில் நகரவிட்டு, அந்த நேரத்தில்தான் வேட்டை நடக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது எந்த வகையில் சேர்த்தி? பொத்தான் உங்களுடையது, சாவு மட்டும் அவருடையதா?

ஜிட்டா என்ற சந்தை மண்டலத்துக்குள் நுழைந்தால், உரையாடல் பெட்டியில் 'எனக்குப் பணம் அனுப்பு, இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன்' என்ற வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் ஏமாறாதவர்களும் ஏமாறுவது சரக்கு கொண்டுசேர்க்கும் ஒப்பந்தமான கூரியர் கான்ட்ராக்டில். பெட்டியை ஓரிடத்தில் சேர்த்தால் நல்ல கூலி. பிணையாகப் பெரும் தொகை கட்ட வேண்டும். எண்கள் எல்லாம் நேர்மையாகவே இருக்கின்றன. சேர வேண்டிய இடம் ஒரு பிளேயர் கட்டிய நிலையம். அங்கே கலத்தை நிறுத்த அனுமதி தருவதும் மறுப்பதும் அதன் உரிமையாளர் கையில் இருக்கிறது. கான்ட்ராக்டை ஏற்ற பிறகும் அவர் அதை மாற்றலாம். புதியவர் பெட்டியோடு வாசலில் நிற்பார், கதவு திறக்காது, வேறு வழி தெரியாமல் நிற்கையில் கெடு முடியும், பிணைத்தொகை போய்விடும். புதியவர்கள் தொடங்கும் சில மண்டலங்களில் அவர்களை இப்படி ஏமாற்றக் கூடாது என்று விதி இருக்கிறது, நல்லதுதான். ஆனால் வேலை தேடி அங்கிருந்து சில ஸ்டார்கேட்டுகளைத் தாண்டினாலே அந்த விதி செல்லாது. அந்த எல்லையைக் காட்ட வரைபடத்தில் ஒரு கோடு போட்டால் என்ன கெட்டுவிடும்?

இவ்வளவுக்கும் இடையில் புதியவர்கள் ஓரளவு நிலைக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் மற்ற பிளேயர்கள். 2004-இலிருந்து ஈவ் யூனிவர்சிட்டி என்ற கார்ப்பரேஷன், அதாவது பிளேயர்கள் சேர்ந்து நடத்தும் குழு, வகுப்பு நடத்துகிறது, விக்கி எழுதுகிறது; பிரேவ், பாண்டமிக் ஹோர்ட் போன்ற அமைப்புகள் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு கலங்களையும் கொடுக்கின்றன. கலத்தில் என்ன பொருத்தலாம் என்று கணக்குப் போடும் பைஃபா, வரைபடத்துக்கு டாட்லான், அழிந்த கலங்களின் பதிவுக்கு இசட்கில்போர்ட் என்று எல்லாமே பிளேயர்கள் செய்தவை. சம்பளம் வாங்காமல் உழைக்கும் இவர்கள் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. அதே காரணத்தால்தான் கோபமும் பொங்குகிறது: சந்தா வாங்குகிறவர்கள் செய்ய வேண்டிய வேலையை இவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். 2016-இல் கதை வடிவில் புதிய டுடோரியல் வந்தது. அதன் பிறகும் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் காட்சிகள் அழகாகிக்கொண்டே போகின்றன. கோண வேகமும் கான்கார்ட் வரும் நேரமும் பிளேயர் கட்டிய நிலையத்தின் கதவும் வெளியே விக்கியிலேயே கிடக்கின்றன. கிணற்றில் நீச்சல் பழக்கும் நம் ஊர்ப் பெரியவர்கூடப் பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டிவிட்டுத்தான் தள்ளுவார்.

இத்தனையும் போதாதென்று, கலம் அழிந்த மறுகணம் ஒரு அறிக்கை வருகிறது. யார் சுட்டார்கள், எந்தக் கலம், என்னென்ன பாகங்கள், எத்தனை கோடி ஐஎஸ்கே நஷ்டம் என்று ஒன்று விடாமல் அதில் இருக்கும். அது பெரும்பாலும் பொதுவெளிக்கும் போய்விடுகிறது. அங்கே போகிற வருகிற எல்லோரும் அந்தக் கலத்தில் பாகங்கள் பொருத்திய விதத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களுக்கு வேண்டிய அத்தனை தகவலையும் அட்டவணை போட்டுக் கொடுக்கத் தெரிந்த அந்த அறிக்கைக்கு, இழந்தவருக்கு வேண்டிய நான்கு வரிகளைச் சேர்க்கத் தெரியாதா? உன் குண்டுகளில் இத்தனை தவறின, இலக்கு உன் துப்பாக்கியால் தொடர முடியாத வேகத்தில் சுற்றியது. உன் கவசத்தில் வெடிப்புத் தாக்குதலுக்குத் தடுப்பே இல்லை, வந்ததில் பெரும்பகுதி வெடிப்புத் தாக்குதல். நீ ஆட்டோபைலட்டில் இருந்தாய். கான்கார்ட் இத்தனை வினாடி கழித்து வந்தது. யார் எவ்வளவு சேதம் செய்தார்கள் என்று பெயர்வாரியாகப் பட்டியலிடும் சர்வருக்கு இந்த விவரங்கள் ஏற்கெனவே தெரியும். இதற்காக ஆபத்தைக் குறைக்க வேண்டாம், கொள்ளையர்களை விரட்ட வேண்டாம், பழையவர்களின் டைட்டன்களில் ஒரு ஆணியைக்கூடக் கழற்ற வேண்டாம். அந்த நான்கு வரிகளை அடுத்த அப்டேட்டிலேயே போடுங்கள்.